பெட்டிக்காரியின் ஆறாம் அட்டை

1

என் மனைவி கடைசியாகப் பேசியது என் சட்டைப் பொத்தானைப் பற்றி. ஒரு பொத்தானை மாற்றிப் போட்டிருந்தேன். வாசல் வரை வந்து, "இப்படியே போனீங்கன்னா, வர்றவங்க உங்களுக்கே கண்ணாடி எழுதிக் குடுத்துட்டுப் போவாங்க" என்றாள். சரிசெய்துகொண்டு கிளம்பினேன். மூக்குக் கண்ணாடிக் கடையில் பார்வை சோதித்து அளவெடுப்பது என் வேலை. மதியம் பக்கத்து வீட்டம்மா போன் செய்தார். நான் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இதயம் என்றார்கள்.

முடிவை முதலிலேயே சொல்லிவிட்டேன். முடிவு தெரியாமல் படித்தால் அவள் நடுவழியில் தொலைந்துபோவாள். அதனால் எதைப் படிக்கக் கொடுத்தாலும் முடிவைச் சொல்லிவிட்டுத்தான் கொடுப்பேன். அந்தப் பழக்கம் இன்னும் விடவில்லை.

இந்தக் கதை பிறந்ததே அவளுக்காக எழுதிய இன்னொரு கதையிலிருந்துதான். அது ஐந்து அட்டைகளில் நிற்கிறது. ஆறாவதை எழுத உட்கார்ந்தேன். அதற்குப் பதிலாக இது வந்துகொண்டிருக்கிறது. [அடித்தது: "கண்ணீரே மையாக". மை கடையில் கிடைக்கிறது.] அடித்த வரிகளை ஏன் விட்டுவைக்கிறேன் என்பதை அதற்குரிய இடத்தில் சொல்கிறேன்.

2

வேறு தொடக்கங்களும் இருந்தன. "என் மனைவிக்கு ஸ்கிசோஃப்ரினியா" என்று ஒன்று. அந்த ஒரு வாக்கியத்தோடு அவளைப் பற்றி எல்லாம் தெரிந்துவிட்டதாக நீங்கள் நினைக்கக்கூடும். நிறையப் பேர் நினைத்தார்கள். மனச்சிதைவு என்றும் சொல்வார்கள். அவளுக்கு அந்தச் சொல் ஆகாது. "சிதைஞ்சு போச்சுன்னா, இப்ப உங்ககிட்ட பேசறது யாராம்?" என்பாள்.

"அடுப்பில் பால் பொங்கி வழிவதுகூடத் தெரியாமல்" என்று இன்னொன்று, பாதியில் நிற்கிறது. ஆனால் விஷயம் உண்மை. கல்யாணமான புதிதில் ஒரு கையில் கரண்டி, மறு கையில் வாடகை நூலகத்துப் புத்தகம். தீய்ந்த வாடை வந்தால் கதை நன்றாகப் போகிறது என்று அர்த்தம். மூன்றாம் வருடம் நோய் வந்தது. குரல்கள், பயம், மருத்துவமனை, மாத்திரை. குரல்கள் ஓரளவு அடங்கின. அவள் பழையபடி சமைத்தாள், என்னைக் கிண்டல் செய்தாள். படிப்பு மட்டும் திரும்பி வரவில்லை.

அது யாருக்கும் தெரியவில்லை. ஏனென்றால் மாலையானால் அவள் புத்தகத்தோடுதான் உட்கார்ந்திருந்தாள். பக்கம் புரளும் சத்தம் கேட்டால் எனக்கு நிம்மதி. எனக்கு நிம்மதி என்பது அவளுக்குத் தெரியும். அதனால் புரட்டிக்கொண்டிருந்தாள்.

3

ஒருநாள் என்ன கதை என்று கேட்டேன். நல்ல கதை என்றாள். யாருடைய கதை என்றேன். புத்தகத்தை மூடி மடியில் வைத்தாள்.

"வார்த்தை எல்லாம் தெரியுதுங்க. ஒவ்வொண்ணா வந்து உக்காருது. அடுத்த வரிக்குப் போறதுக்குள்ள முன்ன வந்தது எழுந்து போயிடுது."

கண்ணாடிக் கடைக்காரனிடம் இதைச் சொன்னால் அவன் என்ன செய்வான்? கண்ணாடி செய்தேன். முதலில் படிப்பதற்கென்று ஒன்று. பிறகு கூசாமலிருக்க லேசாக நிறம் போட்டது. அப்புறம் பெரிய சட்டத்தில் மற்றொன்று. ஒவ்வொன்றையும் கொஞ்சநாள் விசுவாசமாகப் போட்டுக்கொண்டாள். "உங்க கடையில போணியாகாத ஃப்ரேம் எல்லாம் என் மூக்குக்குத்தானா?" என்று மட்டும் கேட்டாள்.

கிட்டப் பார்வையைச் சோதிக்கக் கடையில் ஓர் அட்டை உண்டு. பத்திக்குப் பத்தி எழுத்து சிறுத்துக்கொண்டே போகும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். கடைசிப் பத்தி வரை தட்டுத் தடங்கலில்லாமல் வாசித்தாள்; அதை என்னால் வெறுங்கண்ணால் வாசிக்க முடியாது. முதல் பத்தியில் என்ன இருந்தது என்று கேட்டேன். அட்டையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அதில் ஒரு தச்சர் மேசை செய்கிறார், அவ்வளவுதான். எத்தனையோ பேரிடம் அந்த அட்டையை நீட்டித் தெரிகிறதா என்று கேட்டிருக்கிறேன். உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருவரிடமும் கேட்டதில்லை. அது என் வேலையும் இல்லை.

டாக்டரிடம் போனோம். இந்த நோயோடு வாழ்கிறவர்களில் பலருக்கு இந்தச் சிரமம் உண்டு, நாங்களும் கேட்பதில்லை, அவர்களும் சொல்வதில்லை என்றார் அந்த அம்மாள். கண் வரிவிட்டு வரி தாவ வேண்டும், தாவும் வரை முந்தைய வரியைப் பிடித்துவைத்திருக்க வேண்டும், இரண்டுமே வழுக்குகிறது. நோய் ஒரு காரணம், மருந்தும் கொஞ்சம் இருக்கலாம். மருந்தின் அளவை மாற்றினார். வேறு என்ன வேண்டும் என்று கேட்டார்.

"ஒரே ஒரு கதை டாக்டர். நானா, முழுசா, கடைசி வரைக்கும் படிச்சு முடிக்கணும்."

4

கடைக்குக் கண்ணாடி வில்லைகள் வரும் பெட்டியின் அட்டையை எடுத்து, ஒரு வரி மட்டும் தெரிகிற மாதிரி துளை வெட்டிக் கொடுத்தேன். அதை வரிவரியாக நகர்த்திப் படித்தாள். உதவியது. ஆனால் புத்தகங்களில் பத்துப் பேர் வருகிறார்கள். அவர்களுக்குச் சித்தப்பா, பெரியப்பா என்று இருபது பேர். ஆகவே நானே எழுத உட்கார்ந்தேன். ஒரு வெள்ளை அட்டைக்கு ஏழெட்டு வரி, மொத்தம் ஆறு அட்டை.

கதை இதுதான். ஒரு பெண் பெட்டியோடு பேருந்து நிறுத்தத்தில் நிற்கிறாள். வருடக்கணக்காகப் பேச்சுவார்த்தை இல்லாத தங்கையைப் பார்க்கப் போக வேண்டும். போவாளா, மாட்டாளா?

முதல் அட்டையைக் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தேன். "கிழவிக்கா எழுதறீங்க? உங்க கண்ணைவிட என் கண்ணு நல்லாத்தான் இருக்கு." இரண்டாவதில் 'அவள்' என்று எழுதினேன். எந்த அவள் என்று கேட்டாள். ஒவ்வொரு தடவையும் பெட்டிக்காரி என்றே எழுதச் சொன்னாள்.

[குறிப்பு: இங்கும் அதே சட்டம். 'அவள்' என்றால் என் மனைவி. பேருந்துக்கு நிற்பவள் எப்போதும் பெட்டிக்காரி.]

மழை பெட்டிக்காரியிடம் ஏதோ சொன்னது என்று ஒரு வரி. எழுதிவிட்டு நானே மெச்சிக்கொண்டது. அவள் துளை அட்டையை அங்கேயே நிறுத்தினாள்.

"மழையெல்லாம் பேச வேணாங்க. பேசறதுங்க ஏற்கெனவே போதும்."

அடித்துவிட்டேன். அன்றிலிருந்து அவளை எடிட்டரம்மா என்று கூப்பிட்டேன்.

5

மூன்றாம் அட்டையைக் கடைக் கம்ப்யூட்டரில் அடித்து, பிழை இல்லாமல், அழகாக அச்செடுத்துக் கொண்டுவந்தேன். பாதியில் அவள் கை நின்றது. முகம் மாறியது. அந்த முகம் எனக்குத் தெரியும்.

"இதை யாரு உங்ககிட்ட குடுத்தது?"

நான்தான் எழுதினேன் என்றேன்.

"பெட்டிக்காரி நானா?"

இல்லை என்றேன். நம்பவில்லை. அட்டையைக் குப்புறக் கவிழ்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் வைத்த சாப்பாட்டைத் தொடவில்லை. வெளியில் வாங்கிவந்ததையும் தொடவில்லை. மாத்திரை வேண்டாம் என்றாள். மறுநாளும் அப்படியே. டாக்டரிடம் போனில் பேசினேன். வாதாட வேண்டாம், பக்கத்தில் இருங்கள் என்றார்.

பக்கத்தில் இருந்தேன். சும்மா இருக்க முடியாமல், அவள் எதிரில் ஒரு வெற்று அட்டையை எடுத்து மூன்றாவதை மறுபடி கையால் எழுதத் தொடங்கினேன். நினைவிலிருந்து எழுதியதால் தப்பும் தவறுமாக வந்தது. அடித்தேன், மேலே எழுதினேன், அதையும் அடித்தேன். அவள் பேனா முனையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வாக்கியம் எவ்வளவு முயன்றும் வரவில்லை. தலையைச் சொறிந்தேன்.

"வரலையா?"

"வரலைம்மா."

"அப்ப நீங்கதான்" என்றாள்.

தட்டை இழுத்து வைத்துக்கொண்டு சாப்பிட்டாள். பிறகு, இனிமேல் அடித்ததை அடித்தபடியே விட வேண்டும் என்று சொன்னாள். சுத்தமாக இருந்தால் எங்கிருந்தோ வந்த மாதிரி இருக்கிறதாம்.

இதுதான் காரணம்.

6

இந்த இடத்தில் எனக்கு ஒரு சந்தேகம். நான் எழுதுகிற மனைவி வாயைத் திறந்தால் பளிச்சென்று ஏதாவது சொல்கிறாள். நிஜத்தில் பேசாத நாட்கள்தான் அதிகம். குளிக்கச் சொன்னால் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வாள். துளை அட்டை கட்டிலுக்கடியில் கிடக்கும். அந்த நாட்களைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. ஒன்றும் நடக்காது, அது போய்க்கொண்டே இருக்கும். இரண்டு அட்டைகளுக்கு நடுவே அப்படி வாரக்கணக்கில் கிடந்திருக்கிறோம். நீங்கள் அவற்றை இடையில் சேர்த்துப் படித்துக்கொள்ள வேண்டும்.

அவள் தம்பி வருவான். அக்கா என்றால் அவனுக்கு உயிர். எதற்கு மாமா இந்தப் பாடு, டிவியைப் போட்டு விடுங்கள், பொழுதாவது போகும் என்பான். அவள் படுத்தபடியே, "பொழுதுக்கு என்னடா, அது பாட்டுக்குப் போகுது" என்றாள். [மறுபடியும் பளிச். ஆனால் இது நிஜமாகவே சொன்னது. அவனைக் கேட்டுக்கொள்ளலாம்.]

7

நான்காம் அட்டையைப் படித்த மறுநாள். நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். யாரும் கேட்காமல், பின்னாலிருந்து அவள் சொன்னாள்: "ரெண்டு பஸ்ஸை விட்டுட்டா. மூணாவதையும் விட்டுடுவாளோன்னு இருக்கு."

இரண்டு பேருந்துகளும் மூன்றாம் அட்டையில் போனவை. நான் குழாயை மூடினேன். என்ன சொன்னாய் என்று கேட்டேன். காதிலும் கண்ணாடி மாட்ட வேண்டுமா என்றாள்.

ஐந்தாவதில் பெட்டிக்காரியின் பேருந்து வருகிறது. அதை அவள் ஒரே மூச்சில் படித்துவிட்டாள். வழக்கம்போல அடுத்த அட்டையின் முடிவைச் சொல்ல வாயெடுத்தேன். உண்மையில் எனக்கே தெரியாது. ஏதாவது சொல்லிவைக்கலாம் என்றுதான். கையைக் காட்டி நிறுத்தினாள்.

"சொல்லாதீங்க. நானே போய்ப் பாத்துக்கறேன்."

மறுநாள் காலையில்தான் அந்தச் சட்டைப் பொத்தான்.

8

எழுதிப் பார்த்த முடிவுகள்:

பெட்டிக்காரி ஏறுகிறாள். தங்கை கதவைத் திறக்கிறாள். இருவரும் அழுகிறார்கள். யார் முதலில் அழுதது, யார் யாரைக் கட்டிக்கொண்டது என்று எடிட்டரம்மா கேட்டிருப்பாள்.

பெட்டிக்காரி ஏறவில்லை. பேருந்து போகிறது. இத்தனை வரிகளைக் கடந்து வந்தவளுக்கு இதுவா கூலி?

நடத்துநர் பெட்டிக்கு இடமில்லை என்கிறார். பெட்டிக்காரி பெட்டியைத் திறந்து [அதில் என்ன இருக்கிறது என்று நான் இதுவரை யோசிக்கவே இல்லை]

எழுதி முடித்துவிடுங்கள் மாமா, அக்காவுக்கு அது நிம்மதி என்கிறான் மச்சான். நானும் அப்படி நினைத்துத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் அவள் சொல்ல வேண்டாம் என்றாள். நான் எழுதினால் அது சொன்னதாகிவிடும். அவள் தானாகப் போய்ப் பார்க்கப்போவதாகச் சொன்ன இடத்துக்கு நான் முந்திக்கொண்டு போக மாட்டேன். நீங்கள் போகலாம். இவ்வளவு தூரம் படித்திருக்கிறீர்கள். உங்களுக்கு அந்த உரிமை உண்டு. பெட்டிக்காரியை ஏற்றிவிடுங்கள், அல்லது நிறுத்திவையுங்கள். என்னிடம் மட்டும் வந்து சொல்ல வேண்டாம்.

9

எங்கிருந்து தொடங்குவது என்று தெரிய வேண்டுமல்லவா. ஐந்தாம் அட்டையில் என் கடைசி வரி: பேருந்து வந்து நின்றது.

அதற்குக் கீழே பென்சிலில் இன்னொரு வரி இருக்கிறது. அது என் எழுத்து இல்லை. அதைப் படித்த அன்று மாலை அவள், "பெட்டிக்காரியை எவ்வளவு நேரமா நிக்க வெச்சிருக்கீங்க, வயித்துக்கு ஒண்ணும் குடுக்க மாட்டீங்களா?" என்று கேட்டாள். அட்டையில் இடமில்லை என்றேன். பென்சிலை வாங்கி, ஓரத்தில் நெருக்கி அவளே எழுதினாள். நீங்கள் எந்த முடிவுக்குப் போனாலும் அதை மாற்றக் கூடாது.

பெட்டிக்காரி இரண்டு வாழைப்பழம் சாப்பிட்டாள்.