ஓரம் சேர்த்த வரிகள்

அந்த மருத்துவமனைக்கு யார் போன் செய்தாலும் முதலில் காதில் விழுவது அவர் குரல்தான். பிறவியிலேயே கண் தெரியாதவர். எந்த வார்டுக்கு எந்த எக்ஸ்டென்ஷன் எண், எந்த டாக்டர் இந்த நேரத்தில் எந்த அறையில் இருப்பார் என்பதெல்லாம் அவர் நாக்கு நுனியில் இருக்கும். அதனால் பெரிய டாக்டர் முதல் கூட்டிப் பெருக்குகிறவர்கள் வரை எல்லோரும் அவரை எக்ஸ்டென்ஷன் என்றே கூப்பிட்டார்கள். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று பேசாமல் இருந்துவிடுவார்.

அவர் மனைவிக்கும் அங்கேதான் வேலை. கீழ்த்தளத்துச் சலவைப் பிரிவில் துவைத்துக் காய்ந்து வரும் படுக்கை விரிப்புகளை மடித்து அடுக்குவது. அவள் அடுக்கி வைத்த கட்டைப் பார்த்தால் ஒரே துணியை வெட்டி வைத்ததுபோல் இருக்கும். ஒரு விரிப்பின் ஓரம் விரல் நகம் அளவு வெளியே நீட்டிக்கொண்டிருந்தாலும் அவளுக்குச் சோறு இறங்காது. வீட்டிலும் அதே கதைதான். கணவர் செருப்பைக் கழற்றிவிட்டு நாற்காலிக்குப் போய்ச் சேர்வதற்குள் அது சுவரோரம் ஜோடியாக நின்றுகொண்டிருக்கும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த குடும்பத்தில்தான் ஒரு நாள் அலுவலகத் தலைவர் எக்ஸ்டென்ஷனைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசினார். போன்களுக்கெல்லாம் தானாகவே பதில் சொல்லும் ஒரு இயந்திரம் வரப்போகிறதாம்.

"நீங்க ஒண்ணும் பயப்பட வேண்டாம். வேலை போகாது, சம்பளமும் அப்படியே வரும். வரவேற்பறையில நல்ல மெத்தை வச்ச நாற்காலியா ஒண்ணு போட்டுத் தர்றோம்."

"அங்க உட்கார்ந்து நான் என்ன சார் செய்யணும்?"

"ஒண்ணும் செய்ய வேண்டாம். நிம்மதியா இருங்க."

தலைவர் நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் அந்த 'ஒண்ணும் செய்ய வேண்டாம்' எக்ஸ்டென்ஷனின் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டே வீடு வரை வந்தது.

"பூச்சாடிக்காவது காலையில ஒருத்தர் வந்து தண்ணி ஊத்துவாங்க. நான் அது பக்கத்துல சும்மா உட்கார்ந்திருக்கணுமாம்" என்றார் மனைவியிடம்.

அவள் அவர் சட்டைக் காலரை நேராக இழுத்துவிட்டாள்.

வழி காட்டியது கணினிப் பிரிவின் பொறுப்பாளர். "அந்த இயந்திரத்துக்கும் என்ன பேசணும்னு யாராவது எழுதிக் கொடுக்கணுமே, எக்ஸ்டென்ஷன். இந்த ஆஸ்பத்திரி போன்ல யார் என்ன கேட்பாங்கன்னு உங்களைவிட யாருக்குத் தெரியும்? இணையத்துல தமிழ்லயே புரோகிராம் எழுதச் சொல்லித் தர்றாங்க. அதை முடிச்சுச் சான்றிதழோட வாங்க. இயந்திரம் ஓட ஆரம்பிக்கிறதுக்கு முன்னால வந்தீங்கன்னா என் பிரிவுக்கே உங்களைக் கேட்டு வாங்கிக்கிறேன்."

எக்ஸ்டென்ஷன் சின்ன வயதில் ஒரு கணினிப் பள்ளியின் வாசல் வரை போனவர். "எல்லாம் பலகையில எழுதிப் போடுவோம், உங்களுக்குச் சிரமம்" என்று அங்கே இனிமையாகச் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இப்போது பலகையும் இல்லை, வாசலும் இல்லை. வீட்டுக் கணினியில் எழுத்துகளைப் படித்துச் சொல்லும் ஒரு மென்பொருள் இருந்தது. பெண் குரல்தான், ஆனால் சளி பிடித்த குரல். அதற்கு அவர் வைத்த பெயர் மூக்கடைப்புக்காரி.

பாடம் நடத்திய டீச்சருக்கு நல்ல கணீர் குரல். முதல் பாடத்தில் அவர், "இங்க பாருங்க, இந்தப் பச்சை எழுத்து இருக்கில்லையா, அது இதோட சேரும்" என்றார். எக்ஸ்டென்ஷன் பாடத்தை நிறுத்திவிட்டு அவருக்கு ஒரு வரி எழுதிப் போட்டார்: 'டீச்சர், எனக்குப் பச்சையும் தெரியாது, இங்கேயும் தெரியாது.'

மறுநாளே பதில் வந்தது. 'மன்னிச்சிடுங்க. இனிமே பாருங்கன்னு சொல்ல மாட்டேன், வாய்விட்டே சொல்றேன்.' சொன்னபடியே செய்தார். அடுத்த பாடத்திலிருந்து திரையில் வரும் ஒவ்வொரு எழுத்தையும், ஒவ்வொரு இடைவெளியையும் வாயால் சொன்னார். எந்த வரியை எவ்வளவு உள்ளே தள்ளி எழுத வேண்டும் என்பதையும் விடவில்லை. அவர் சொல்வார், எக்ஸ்டென்ஷன் தட்டுவார், தட்டியதை மூக்கடைப்புக்காரி படித்துக் காட்டுவாள். வார்டு எண்களைப் பிடித்து வைத்த அந்த மண்டையில் பாடமும் பச்சக்கென்று ஒட்டிக்கொண்டது.

கடைசியாக ஒரு முழு புரோகிராம், அதாவது நிரல், எழுதி அனுப்ப வேண்டும். அது ஓடினால் சான்றிதழ். தன் வேலையையே எழுதினார் எக்ஸ்டென்ஷன். வார்டின் பெயரைத் தட்டினால் எண்ணைச் சொல்லும். தெரியாத பெயரென்றால், 'மறுபடி சொல்லுங்க' என்று கேட்கும். வீட்டில் ஓட்டிப் பார்த்தார். கனஜோராக ஓடியது.

அனுப்புகிற இடத்தில்தான் வந்தது வினை. 'நீங்கள் ரோபோ இல்லை என்று காட்டுங்கள்; கீழே உள்ள படங்களில் பேருந்து இருப்பவற்றைத் தொடுங்கள்' என்றது பக்கம். படத்தைப் படிக்க மூக்கடைப்புக்காரிக்கு வாய் வரவில்லை.

"நல்ல நியாயமா இருக்கே! ரோபோ அவள். அவளை விட்டுட்டு என்னைக் கேள்வி கேட்குது பாரு" என்று சிரித்தார் எக்ஸ்டென்ஷன். மனைவியைக் கூப்பிட்டார். "நான் எழுதினதை அப்படியே எடுத்து அந்தப் பெட்டிக்குள்ள போட்டுட்டு, பேருந்தைத் தொட்டு அனுப்பிடு. என்னால பக்கத்துல நிக்க முடியாது, படபடன்னு வருது." சொல்லிவிட்டு மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொண்டார்.

அவளுக்குக் கணினி புதிதல்ல. சலவைப் பிரிவில் உருப்படிக் கணக்கு அதில்தான் போடுவாள். தொட்டதையெல்லாம் சளிக் குரலில் சொல்லித் தொலைக்கிறதே என்று முதலில் மூக்கடைப்புக்காரியின் வாயை அடைத்தாள். கணவர் எழுதியதை எடுத்துப் பெட்டிக்குள் போட்டாள். போட்டதும் அவளுக்கு மனசே கேட்கவில்லை. ஒரு வரி சுவரோரம், அடுத்த வரி தள்ளி, அதற்கடுத்தது இன்னும் தள்ளி, அப்புறம் திடீரென்று பழையபடி சுவரோரம். பாவம், கண் தெரியாமல் தட்டியது, கோணல்மாணலாகத்தானே வரும், இதை நாலு பேர் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று நினைத்தாள். ஒவ்வொரு வரியின் முன்னாலும் போய் இருந்த இடைவெளியை அழித்து, எல்லாவற்றையும் இடது ஓரத்தோடு சேர்த்து நேராக்கினாள். பிறகு பேருந்துகளைத் தொட்டாள். அனுப்பினாள்.

'உங்கள் நிரல் இயங்கவில்லை' என்று பதில் வந்தது.

எக்ஸ்டென்ஷனுக்குப் புரியவில்லை. வீட்டில் ஓட்டிப் பார்த்தார், ஓடியது. வேறு விதமாக எழுதி மறுபடி மனைவியையே அனுப்பச் சொன்னார். அதுவும் வீட்டில் ஓடியது, அங்கே போய்ப் படுத்துக்கொண்டது. அவளுக்குள் ஒரு குறுகுறுப்பு: அவசரத்தில் நடுவே ரெண்டு வரியை நேராக்காமல் விட்டுவிட்டோமோ, அதனால்தான் தள்ளிவிட்டார்களோ? மூன்றாவது முறை அனுப்பும்போது திரைக்குப் பக்கத்தில் முகத்தை வைத்து, ஒரு வரி விடாமல், விரிப்பு மடிப்பதுபோல் ஓரம் பார்த்து அடுக்கினாள். அதுவும் இயங்கவில்லை என்றே வந்தது. கூடவே, 'இனி உங்களுக்கு வாய்ப்பு இல்லை' என்றும் ஒரு வரி.

இயந்திரம் வந்து மருத்துவமனையின் முன்கூடத்தில் பெட்டியாக இறங்கிவிட்டது; பிரித்து மாட்டுவதுதான் பாக்கி. வரவேற்பறையில் நாற்காலியும் வந்துவிட்டது. நல்ல மெத்தை என்று எல்லோரும் தொட்டுப் பார்த்துச் சொன்னார்கள். எக்ஸ்டென்ஷன் தொடவில்லை.

அன்று மாலை அவர் டீச்சருக்கு எழுதினார்: 'இது எனக்கு வராது டீச்சர். பேரை எடுத்துடுங்க. நீங்க நல்லாத்தான் சொல்லிக் கொடுத்தீங்க.'

அதைப் படித்த டீச்சர் பதில் எழுதவில்லை. நேரே போன் போட்டுவிட்டார்.

அந்த நேரத்தில் மனைவியின் தங்கை வந்திருந்தாள். செருப்புக் கடையில் வேலை முடிந்து போகிற வழியில் அக்கா வீட்டில் ஒரு வாய் டீ குடிக்காவிட்டால் அவளுக்கு அன்றைய பொழுது போகாது. எக்ஸ்டென்ஷன் போனை எல்லோருக்கும் கேட்கும்படி மேசைமேல் வைத்தார். பின்னால் ஒரு குழந்தை அழுகிற சத்தத்தோடு டீச்சரின் குரல் வந்தது.

"வராதுன்னு யார் சொன்னது? நீங்க அனுப்பினதை இப்பத்தான் எடுத்து வச்சுப் பார்க்கிறேன். யோசனை அவ்வளவு அழகா இருக்கு. ஆனா ஒரு விஷயத்தை மறந்துட்டீங்களே. 'இப்படி இருந்தா'ன்னு ஒரு வரி எழுதினா, அதுக்குக் கீழ வர்ற வரி உள்ள தள்ளி இருக்கணும்னு சொன்னேனா இல்லையா? அப்பத்தானே இது அதோட பிள்ளைன்னு கணினிக்குத் தெரியும்? உங்க வரியெல்லாம் யாரும் யாருக்கும் சொந்தமில்லாம இடது ஓரத்துல வரிசையா நிக்குது."

"தள்ளித்தான் போட்டேன் டீச்சர். எண்ணி எண்ணிப் போட்டேன்."

"இங்க நேரா இருக்கே."

"அங்க எப்படி நேராகும்? நான் தள்ளிப் போட்டது எனக்குத் தெரியாதா?"

"கோபப்படாதீங்க. மூணு தடவையும் நேராத்தான் வந்திருக்கு. அதுவும் மூணாவது தடவை, அடேயப்பா, ஒரு வரி தப்பலை."

டீ ஆற்றிக்கொண்டிருந்த மனைவியின் கை அப்படியே நின்றது. டம்ளரை மேசையில் வைத்தாள்.

"டீச்சரம்மா," என்றாள். "அந்த வெறும் இடம்... அதுக்கு அர்த்தம் உண்டா?"

குழந்தைகூட ஒரு நொடி அழுகையை நிறுத்தியது.

"நீ என்ன செஞ்சே?" என்றார் எக்ஸ்டென்ஷன் மெதுவாக.

"கோணலா இருந்துச்சுங்க. கண்ணு தெரியாம தட்டினதுல அப்படி ஆயிடுச்சுன்னு நினைச்சு... நேராக்கிட்டேன்."

"எத்தனை தடவை?"

"எல்லாத் தடவையும். கடைசித் தடவை ரொம்பக் கவனமா."

அவர் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்று பதறிப்போய் அவள் பக்கத்தில் ஓடினாள். கையை எடுத்தால், சிரிப்பு. சத்தமே வராத சிரிப்பு, பிறகு வீடே அதிர்கிற சிரிப்பு.

"அப்போ எனக்கு வருது! டீச்சர், எனக்கு வருது! இத்தனை நாளா மண்டையில ஒண்ணும் இல்லைன்னு நினைச்சுக்கிட்டு..."

"உங்களுக்கு வருதுன்னுதானே நானும் தொண்டை கிழியச் சொல்றேன்!" டீச்சரும் சிரித்தார்.

"அக்கா, நல்லவேளை," என்றாள் தங்கை, "அத்தானையும் நாலா மடிச்சு அலமாரியில வைக்காம விட்டியே!"

"நீ சும்மா இருடி!" அவளுக்கு அழுகை பீறிட்டது. "உங்களைக் கொண்டுபோய் அந்த நாற்காலியில உட்கார வைக்கப் பார்த்தேனே. நான் பாவி..."

"அட, இந்தாம்மா," எக்ஸ்டென்ஷன் தடவிப் பார்த்து அவள் கையைப் பிடித்தார். "எனக்கு மானம் போகக் கூடாதுன்னுதானே செஞ்சே? நீ நேராக்காம விட்டது உன் தங்கச்சி வாய் ஒண்ணுதான்."

"அத்தான்!" என்றாள் தங்கை.

குழந்தையைத் தட்டிக்கொடுக்கும் சத்தத்தோடு டீச்சர் சொன்னார்: "அக்கா, அழாதீங்க. உங்களைக் கணினி முன்னால உட்கார வச்சதே எங்க தப்புதான். பாடம் முழுக்க வாய்விட்டுச் சொல்லிட்டு, கடைசிக் கதவுல படத்தை மாட்டி வச்சிருக்கோம். எனக்கு அது தோணவே இல்லை பாருங்க. நாளைக்கு அதை எடுக்கச் சொல்றேன். படத்துக்குப் பதிலா போனுக்கு ஒரு எண் வரும், அதைத் தட்டினாப் போதும். இவருக்கு மட்டுமில்லை, எல்லாருக்கும். வாய்ப்பையும் திறந்து விடுறேன்."

இன்னொன்றும் சொல்லிக் கொடுத்தார். மூக்கடைப்புக்காரிக்கு வெறும் இடத்தையும் சொல்லத் தெரியுமாம். அமைப்பில் ஒரு இடத்தில் அதை அனுமதித்துவிட்டால் போதும். அப்போதே செய்தார் எக்ஸ்டென்ஷன். ஒரு வரிக்குப் போனார். 'நான்கு இடைவெளி' என்று மூக்கால் சொன்னாள் அவள். அடுத்த வரி, 'எட்டு இடைவெளி.'

"இது தெரிஞ்சும் இத்தனை நாள் வாயைத் திறக்கலையே, கள்ளி" என்றார் எக்ஸ்டென்ஷன்.

மறுநாள் சாயங்காலம் படம் போய்விட்டது. போனுக்கு எண் வந்தது, மூக்கடைப்புக்காரி படித்தாள், அவர் தட்டினார். இந்த முறை அவரே அனுப்பினார். மாடிப்படியில் போய் உட்கார்ந்தது அவர் மனைவி.

பதில் வந்தபோது இருவரும் வேலையில் இருந்தார்கள். எக்ஸ்டென்ஷன் சலவைப் பிரிவுக்குப் போன் போட்டார். அங்கே இயந்திரங்களின் இரைச்சல். காதைப் பொத்திக்கொண்டுதான் அவள் போனை எடுத்தாள்.

"ஓடிடுச்சு!" என்றார்.

"என்னது? யாரு ஓடிட்டா? நோயாளியா?"

"புரோகிராம்டீ! ஓடிடுச்சு! சான்றிதழ் வந்துடுச்சு. பொறுப்பாளர் ஐயாகிட்டயும் சொல்லிட்டேன். திங்கட்கிழமையிலிருந்து அவர் பிரிவுக்கு வரச் சொல்லிட்டார்."

இரைச்சலுக்கு நடுவே அவள் மூச்சு விடுகிற சத்தம் மட்டும் அவருக்குக் கேட்டது. எந்தச் சத்தத்துக்குள்ளிருந்தும் அவள் மூச்சைப் பிரித்து எடுத்துவிடுவார் அவர். அவள் பேசுகிற வரைக்கும் காத்திருந்தார். மற்ற இணைப்புகளெல்லாம் மணியடித்துக் கூப்பிட்டுக்கொண்டிருந்தன. கூப்பிடட்டும்.

"சாப்பிட்டீங்களா?" என்றாள் கடைசியில்.

"இல்லை. இப்பத்தான் பசிக்குது."