டிரம் அம்மாள் வரைந்த இலை

யூஃபீமியா டிரம் வரைந்த மேப்பிள் இலைகள் அக்டோபரில் சிவந்து நவம்பரில் உதிர்ந்தன. ஒண்டாரியோவில் கார்டெல் மில்ஸ் ஊரில் தபால் நிலையக் கதவு, பால்காரர் பலகை என்று அந்த அம்மாள் கை படாத இடம் கிடையாது. காய்ந்த பெயின்ட் படியில் கிடக்கும், பெருக்கித் தள்ளுவார்கள். மே மாதம் பலகையில் பச்சையாகத் துளிர்க்கும். மேப்பிள் மரத்தில் சாறு இறக்குவதுபோலப் பால்காரர் ஒரு மார்ச்சில் பலகைக்குக் கீழே வாளி மாட்டிப் பாகுகூடக் காய்ச்சினார். சுமார்தான் என்று அவரே சொன்னார்.

நாட்டுக்குப் புதுக்கொடி வேண்டும், அதில் மேப்பிள் இலை இருக்கட்டும் என்று தலைநகரில் பேச்சுக் கிளம்பிய 1964இல்தான் வம்பு வந்தது. முடிவெட்டும் கடையில் பழைய கொடிக்காரர்களுக்கு ஒரு பெஞ்சு, இலைக்காரர்களுக்கு ஒரு பெஞ்சு என்றாகிவிட்டது. முன்னாள் சிப்பாய்கள் மன்றத்தின் வெளிச்சுவரிலும் ஓர் இலை இருந்தது. போரில் ஹாலந்தில் செத்துப்போன ஒரே மகன் வென்டலுக்காக யூஃபீமியா வரைந்தது. கடல் தாண்டிப் போய்க் கல்லறையைப் பார்க்க அவருக்கு வழியில்லை. சுவர்தான் கல்லறை. ஞாயிறுதோறும் அதன் முன்னால் நின்று மகனிடம் ஊர்க்கதை பேசுவார். குளிர்காலத்தில் வெறுஞ்சுவரோடு பேசுவார்.

மன்றத் தலைவர் லோர்ன் டக் பழைய கொடிக்காகப் போரில் கால்விரல்களைக் கொடுத்தவர். இலையை அழித்தே தீருவேன் என்று வந்து நின்றார்.

"மிசஸ் டிரம், வென்டல் எந்தக் கொடிக்குக் கீழ செத்தான்னு மறந்துட்டீங்களா?"

"அவனைப் புதைச்சதும் கொடியை மடிச்சு எடுத்துட்டுப் போயிட்டாங்களேப்பா. அவன் கல்லறைக் கல்லுல செதுக்கி வச்சிருக்கிறது இலைதான். ஃபோட்டோ இருக்கு, வந்து பாரு."

"சண்டை எதுக்கு? நவம்பர்ல தானா உதிரும். மறுநாளே வெள்ளையடிச்சிடுவேன். அப்புறம் எங்க துளிர்க்குதுன்னு பார்ப்போம்."

"பார்ப்போமே."

நவம்பரில் மரமெல்லாம் மொட்டை, தபால் நிலையக் கதவும் மொட்டை. மன்றத்துச் சுவரிலிருந்தது மட்டும் அசையவில்லை. டக் சுண்ணாம்பு வாளியோடு வருவதும் திரும்புவதுமாக இருந்தார். இலைக்காரர் பெஞ்சில் சிரித்துச் சிரித்து வயிறு புண்ணானது. டிசம்பர் பனிப்புயலில் மன்றத்துக் கூரைத் தகடு பறந்தது, இலை பறக்கவில்லை. பொறுமையிழந்த டக் சுரண்டியோடு வந்தார். யூஃபீமியா சுவரை ஒட்டி நாற்காலி போட்டு உட்கார்ந்து கம்பளி பின்ன ஆரம்பித்தார்.

"முதல்ல என்னைச் சுரண்டு. அப்புறம் அதைச் சுரண்டலாம்."

இருட்டும்வரை நின்றுவிட்டு டக் போய்விட்டார். பிப்ரவரியில் புதுக்கொடி ஏறியபோது அவர் ஓரமாக நின்று அழுதார். யூஃபீமியாவுக்கு அது பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் நாற்காலியை எடுக்கவில்லை.

மே மாதம் மற்ற இலைகள் பச்சையாகத் துளிர்த்தன. சுவரில் இருந்தது சிவப்பாகவே நின்றது, ஊரும் பழகிக்கொண்டது. மன்றத்துக்கு வெள்ளையடிக்கும் நாள் வந்தது. மட்டையை டக்கே வாங்கிக்கொண்டார்.

"சுத்திதான் அடிச்சிருக்கேன். போதுமா?"

யூஃபீமியா கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டப் போய்ப் பார்த்தார்.

"முனையில சுண்ணாம்பு பட்டிருக்கு. துடை."

டக் சட்டைக் கையால் துடைத்தார்.