பன்னிரண்டு அடி வீடு

வெள்ளத்தடுப்புக் கரையில் இருக்கும் பெகு குடும்பத்து வீடு வெளியே பன்னிரண்டு அடி நீளம். உள்ளே, சென்ற அறுவடைக்குப் பிறகு நடந்து பார்த்தபோது, நானூற்றுப் பத்து அடி இருந்தது. மழைக்காலத்தில் மூங்கில் ஊறுவதால் இன்னும் இரண்டடி கூடும்.

பிரம்மபுத்திரா அவர்களுடைய ஊரைத் தின்ற வருஷம் இது தொடங்கியது. வயல், பாக்குமரங்கள், பள்ளிக்கூடம், கடைசியாக மரக்கால்களில் நின்ற அவர்களுடைய நீண்ட வீடு என்று எல்லாம் வரிசையாக ஆற்றுக்குள் போயின. மிசிங் பழங்குடியினரான அவர்களில் மகனுக்குக் கல்யாணம் ஆனால் தனி வீடு கட்டமாட்டார்கள். இருக்கிற வீட்டையே நீட்டுவார்கள். அப்படி நீட்டி நீட்டி, பெகு வீட்டில் இருபத்தேழு பேருக்கு ஒரே அடுப்பு. கரையில் இடம் ஒதுக்க வந்த அலுவலகத்து ஆள் "எத்தன குடும்பம்?" என்று கேட்டதும், பெரியவர் தோனேஸ்வர் யோசிக்காமல் "ஒண்ணு" என்றார். ஒரு குடும்பத்துக்குப் பன்னிரண்டு அடி என்று எழுதிக்கொண்டு அந்த ஆள் போய்விட்டார்.

"சர்க்கார் கேட்டா தலைய எண்ணாம அடுப்பையா எண்ணுவாங்க?" என்றாள் அவர் மனைவி.

"அடுப்புதான வீடு? வேற எதைச் சொல்றது?" என்றார் அவர். அன்று முழுக்க அவருக்கு அது தப்பென்றே தோன்றவில்லை.

சட்டம் வேறு மாதிரி இருந்தது. ஓர் இடத்தில் ஒரு குடும்பத்துக்கு மேல் இருந்தால் மிஞ்சியவர்கள் அறுபது கிலோமீட்டர் தள்ளியிருந்த முகாமுக்குப் போகவேண்டும். கடைசியில் வந்தவர்கள் முதலில் போகவேண்டும். கடைசியில் வந்தவள் இளைய மருமகள் திலேஸ்வரி. எட்டு மாதக் கர்ப்பிணி. ஆறு வயதிலிருந்து வெள்ளத்துக்கு ஒதுங்கி ஒன்பது இடங்களில் படுத்து எழுந்தவள். புதுக் குடிசையில் உலை வைத்த அன்று அவள் ஏணிப்படியிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

"இருக்கட்டும் அத்தே. எப்படியும் கெளம்பச் சொல்வாங்க. இங்க இருந்தா எந்திரிக்கச் சுலபம்" என்றாள், உள்ளே கூப்பிட்ட மாமியாரிடம்.

மூத்த மருமகள் புன்யமாயாவுக்கும் அவளுக்கும் அதுவரை அவ்வளவாக ஒத்துப்போனதில்லை. "வாயப் பாரு. வந்து உக்காரு. உன் வயித்துக்கே ரெண்டு ஆள் இடம் வேணும்" என்று சொல்லிவிட்டு, புன்யமாயா முழங்காலை மடக்கி ஒரு சாண் நகர்ந்தாள். மூங்கில் தரை ஒரு முழம் நீண்டது. அடுப்பில் கீரை பொங்கிக்கொண்டிருந்ததால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்தவரும் நகர்ந்தார், அதற்கடுத்தவரும் நகர்ந்தார். சோறு வடிப்பதற்குள் இருபத்தேழு பேரும் காலை நீட்டிப் படுக்கவும் ஒரு தறி போடவும் இடம் வந்துவிட்டது.

பிறகு கரையில் தார்ப்பாய்கூட இல்லாதவர்கள் வரத் தொடங்கினார்கள். மனைவியை இழந்த ஒருவர் மூன்று பெண்பிள்ளைகளோடு வந்தார். செங்கல் சூளையில் இருந்து துரத்தப்பட்ட இளைஞர்கள் இருவர் வந்தார்கள். ஒவ்வொரு தடவையும் யாராவது நகர்ந்தார்கள், வீடு நீண்டது. தோனேஸ்வரின் தம்பி மகன் ஒருவன் மட்டும் ஆறடியைத் தட்டி கட்டி மறைத்து, இது என்னுடையது என்றான். அந்த ஆறடி ஒரு முறத்தளவு சுருங்கியது. மூன்று நாள் நின்றபடியே சாப்பிட்டுப் பார்த்தான். நாலாம் நாள் தட்டியைப் பிரித்து அடுப்பில் வைத்தான். தாங்கள் கும்பிடும் சூரியத்தாயும் சந்திரத்தகப்பனும் அளவுகோல் வைத்திருப்பதில்லை என்று கரையில் எல்லோரும் சொல்வார்கள்.

சோதனைக்கு வந்தவர் ஹொரென் போரா என்ற எழுத்தர். வெளியே நாடா பிடித்து அளந்தார்: பன்னிரண்டு அடி. ஏணியேறி உள்ளே போனவர் மறுகோடி வரை நடந்து அடுப்பருகே திரும்ப ஒன்றரை மணி நேரம் ஆனது. வழி நெடுக, வந்தவரைச் சும்மா அனுப்பக்கூடாது என்று ஆளுக்கொரு கிண்ணம் அரிசி மது கொடுத்திருந்தார்கள். அங்கே வீங்கிய கால்களோடு திலேஸ்வரி குழம்பு கிண்டிக்கொண்டிருந்தாள்.

"பொய் சொல்லாதம்மா. இங்க எத்தன குடும்பம்?"

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "அடுப்பு ஒண்ணுதான் சார். இன்னொண்ணு கண்டுபிடிச்சீங்கன்னா நானே முகாமுக்குக் கெளம்புறேன்."

"முந்நூறு அடி நடந்தேன். காலெல்லாம் வலிக்குது."

"அதுக்குத்தான் உக்காருங்கன்னு சொல்றோம்" என்று, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மெல்ல நகர்ந்து இடம் விட்டாள். போராவின் கண்ணெதிரே தரை ஒரு முழம் நீண்டது. அவர் நாடாவைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். இரண்டாவது கிண்ணம் குழம்புக்குப் பிறகு, ஒன்பது வருஷத்தில் ஏழு வாடகை வீடு மாறியதைச் சொன்னார். பிறகு பதிவேட்டில் எழுதினார்: நீளம் பன்னிரண்டு அடி, அடுப்பு ஒன்று, மிஞ்சியவர் எவருமில்லை. அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

பதினோரு நாள் கழித்து அந்த அடுப்பருகே பெண்குழந்தை பிறந்தது. தீட்டுக் கழிந்ததும் திலேஸ்வரி கரைச்சரிவில் மிளகாய் நட்டாள். காய்க்க மூன்று மாதம் ஆகும் எதையும் அவள் அதுவரை நட்டதில்லை.

அடுத்த வருஷம் போரா தன் மனைவி, மகள், ஒரு தையல் மிஷினோடு வந்தார். அடுப்பருகே இருந்தவர்கள் நகர்ந்தார்கள். இப்போது தபால்காரர் வீட்டுக்குள் சைக்கிளிலேயே போய்க் கடிதம் கொடுக்கிறார். சைக்கிளை ஏணியில் தூக்கிவிட மட்டும் ஓர் ஆள் வேண்டியிருக்கிறது.