துண்டுக்குள் பேசிய பெயர்

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில், வியாழனை ஒட்டிய பக்கமாக, எட்டு மைல் அகலத்தில் ஒரு கல் சுற்றிக்கொண்டிருக்கிறது. அங்கே காற்றில்லை, தண்ணீரில்லை, ஓட்டுப் போட ஆளுமில்லை. அதற்குப் பெயர் வைக்கிறோம் என்று நகரியில் நாங்கள் செய்த காரியத்தை நினைத்தால் இன்றும் வாய் கசக்கிறது.

வேதாச்சலம் அண்ணன் ஒரு வானாராய்ச்சி நிலையத்தில் கணக்குப் போடும் வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஊர் திரும்பியவர். வெளிநாட்டு ஆராய்ச்சிக்காரர் ஒருவர் அந்தக் கல்லைப் படம் பிடித்துவிட்டுப் பிறகு தவறவிட்டார். அது எங்கே போயிருக்கும் என்று கணக்கிட்டு அனுப்பியது அண்ணன் வீடு. வீடு என்றுதான் சொல்ல வேண்டும். அண்ணனுக்குக் கண்ணில் புரை. லாகரிதம் புத்தகத்தைப் புரட்டி, ஆறு தசமம் வரை இரண்டு வருஷம் கூட்டிக் கழித்தது அவர் மனைவி தாட்சாயணி அண்ணி. அண்ணன் வழி சொல்லிக் கொடுத்தார். ஆறே மாதத்தில் அவர் தப்பையே அண்ணி திருத்தினார். சொன்ன இடத்தில் கல் அகப்பட்டது.

வெளிநாட்டுக்காரர் சந்தோஷமாக எழுதினார். வரும் கார்த்திகையில் இன்னொரு முறை கண்ணில் பட்டால் கல்லுக்குப் பட்டியலில் எண் கிடைக்கும், எண் கிடைத்தால் பெயர் வைக்கலாம், பெயரை நீங்களே சொல்லுங்கள், அதற்குள் புதுக் கணக்கையும் அனுப்புங்கள் என்றார். தாட்சாயணி என்றே வைப்போம் என்று அண்ணன் அன்றைக்கே அறிவித்தார். அண்ணி வேண்டாமென்றார். அந்த வேண்டாமில் எவ்வளவு வேண்டும் இருந்தது என்று வியாபாரி எனக்குத் தெரியாதா?

அது ஐம்பத்தாறாம் வருஷம். ஆந்திரா தனியாகப் போய் மூன்று வருஷம். நகரி எந்தப் பக்கம் என்ற எல்லைத் தகராறில் இரண்டு கட்சியும் கடைப்பலகை முதல் கல்யாணப் பத்திரிகை வரை சாட்சி தேடிக்கொண்டிருந்தன. வானத்தில் ஒரு சாட்சி இருக்கிறது என்று தெரிந்ததும் விடுவார்களா? தமிழ்ப் பக்கம் தறிக்காரர் அப்பாவு, தெலுங்குப் பக்கம் வெங்கடரமண நாயுடு. இரண்டு பேரும் ஆளுக்கொரு மாலையோடு அண்ணனைப் பிடித்தார்கள். முப்பது வருஷம் ஒருவரும் திரும்பிப் பார்க்காத மனிதர்; மாலை விழுந்ததும் கழுத்து தானாகக் குனிந்தது.

பஞ்சாயத்து என் நூல் கிடங்கில் கூடியது. அப்பாவு, வேங்கடம் என்றார். நாயுடு, ஏழுமலையைத் தெலுங்கில் ஏடுகொண்டலு என்றார். இரண்டும் ஒரே மலை, ஒரே சாமி என்று நான் வாயைத் திறந்தேன். இரண்டு கட்சியும் சேர்ந்து என்னை முறைத்தன. அன்று நான் பார்த்த ஒரே ஒற்றுமை அதுதான்.

விடிய விடிய இழுக்காமல் முடித்துத் தருகிறேன் என்று மாட்டுத் தரகர் நாராயணசாமி எழுந்தார். மாட்டுச் சந்தையில் விலையை வாய்விட்டுச் சொல்வதில்லை. துண்டுக்கடியில் கையைப் பிடித்து, விரலை அழுத்திப் பேசுவார்கள். அதே துண்டை விரித்தார். வெற்றிலை எச்சிலும் சாணி வாடையும் ஊறி மொடமொடத்த துண்டு. அதற்குள் இரண்டு வியர்த்த கைகள் நெளிந்தன. எத்தனை எழுத்து உனக்கு, எத்தனை எனக்கு என்று விரல் விரலாய்ப் பேரம். அப்பாவு முன்னிடம் கேட்டு வாங்கினார். அதற்கு ஈடாக நாயுடு எழுத்தைக் கூடுதலாக வாங்கினார். தலை இவருடையது, வால் அவருடையது. வேங்கொண்டலு. எந்தப் பாஷையிலும் இல்லாத சொல். சரக்குக்கு உரியவர் கடைசியாகக் கைகொடுத்தால்தான் பேரம் முடியும். அண்ணன் துண்டுக்குள் கையை விட்டார்.

சரக்குக்கு உண்மையில் உரியவர், வீட்டில் சோறு வடித்துக்கொண்டிருந்தார்.

ஊர் ஒற்றுமைக்காக ஒத்துக்கொண்டதாக அண்ணன் போய்ச் சொன்னாராம். அண்ணி சண்டை போடவில்லை. மறுநாள் காகிதக் கட்டையும் லாகரிதம் புத்தகத்தையும் பெட்டியில் வைத்துக்கொண்டு திருப்பதியில் தங்கை வீட்டுக்குப் பஸ் ஏறினார். கணக்கைக் கேட்கப் போன கூட்டத்தை வாசலிலேயே நிறுத்தினார்.

"பேரு பேசி முடிச்சிட்டீங்க இல்ல? அது எங்க இருக்குதுன்னும் துண்டுக்குள்ளயே பேசிக்குங்க."

அதற்கும் கூட்டம் அசரவில்லை. நெசவாளர் சங்கக் குமாஸ்தாவைப் பிடித்து, அண்ணன் வாயால் சொல்லச் சொல்ல ஒரு கணக்கை எழுதி அனுப்பினார்கள். மார்கழி பிறந்து ஒரு வாரத்தில் பதில் வந்தது. இங்கிலீஷ் கடிதம் படிக்கிறவன் என்று என்னிடம் கொடுத்தார்கள். வெளிநாட்டுக்காரர் எழுதியிருந்தது இது: மூன்று இரவு தேடினேன், சொன்ன இடத்தில் ஒன்றுமில்லை. மார்கழி முடிந்தால் கல் மங்கிவிடும், பிறகு தேடிப் பிடிப்பது கஷ்டம். இது பழைய கையெழுத்து இல்லையே, முன்பு கணக்குப் போட்டவர் யார், அவருடைய விலாசம் என்ன?

கிடங்கில் எல்லாருக்கும் படித்துக் காட்டினேன்.

"செத்துட்டாருன்னு எழுது கன்னையா," என்றார் அப்பாவு. "செத்தவங்களாண்ட யாரு வெலாசம் கேப்பாங்க?"

"அதே மஞ்சிதி," என்றார் நாயுடு, அதுதான் நல்லதென்று.

நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். "அப்பிடியே எழுதிடுப்பா. மானம் போவுது."

நாற்பதாம் நம்பர் தடி நூலை அறுபதாம் நம்பர் சன்ன நூல் என்று சத்தியம் பண்ணி விற்ற குடும்பம் எங்களுடையது. பொய்க்கு முகம் சுளிக்கிற ஆளில்லை நான். ஆனால் இந்தப் பொய்யை மட்டும் நான் எழுதுவதாக இல்லை. எழுதுகிறேன் என்று கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு, நேரே திருப்பதி பஸ்ஸில் ஏறினேன்.

அண்ணி நின்றபடியே இரண்டு முறை படித்தார். தேதி கேட்டார். விரல் விட்டு எண்ணினார்.

"ஏர்மெயிலு போயிச் சேர்ற நாளு போக, பன்னெண்டு நாளு மிஞ்சுது," என்றார். பிறகு, "அவரு இன்னா சொன்னாரு?"

"நீங்க செத்துட்டதா எழுதச் சொன்னாரு, அண்ணி."

அண்ணி கடிதத்தை மடித்தார்.

"துண்டுக்குள்ள உன் கையும் இருந்துச்சா?"

"இல்ல. கெடங்கு என்னுது. விரிக்க எடம் குடுத்தேன்."

தண்ணீர் வேண்டுமா என்றுகூட அவர் கேட்கவில்லை. நான் வாசலில் நின்றேன். உள்ளே பெட்டி திறக்கும் சத்தம், பிறகு பக்கம் புரளும் சத்தம். கணக்கு முன்பே தயாராக இருந்தது. வாசலுக்குக் கொண்டுவந்து சரி மட்டும் பார்த்தார். கல்லுக்குப் பெயர் கேட்ட இடத்தில் ஒன்றும் எழுதவில்லை. கணக்கிட்டவர் என்று போட்டுத் தன் பெயரை முழுசாக எழுதி, கீழே திருப்பதி விலாசத்தையும் எழுதினார்.

உறையை வாங்க நான் கையை நீட்டினேன். அவர் தரவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு தபாலாபீசுக்கு அவரே நடந்தார்.