வெற்றிலை பாக்கோடு வைத்த சோப்பு

இன்றைக்கும் சோப்பு விற்காவிட்டால் தொழிலை மூட்டை கட்டு என்று சொல்லிவிட்டான் சௌந்தர்யாவின் கணவன் தனசேகர். அதனால்தான் ஓமலூர் வீட்டில், தானே அச்சில் வார்த்த சோப்புகளை விற்பனைக்கு வைத்துத் தெருப் பெண்களை அழைத்திருந்தாள். வந்தவர்கள் பஜ்ஜியை விசாரித்தார்கள்.

“ஆட்டுப்பால் சோப்பா? கவிச்சி அடிக்குமே அம்மிணி,” என்றாள் எதிர்வீட்டுக் கலைமணி, மென்றபடியே.

“ரோசாப்பூ வாசமுங்கக்கா. மோந்து பாருங்க.”

“சளி புடிச்ச மூக்கு சாமி. சட்னி இன்னும் இருக்குதா?”

விலையை ஒருத்தியும் கேட்கவில்லை. பார்க்க அழகாக இருக்கட்டுமென்று, சோப்புகளை வெற்றிலை பாக்கு, குங்குமத்தோடு தாம்பாளத்தில் அடுக்கி நீட்டினாள் சௌந்தர்யா. அவளுடைய சாமர்த்தியம் அவ்வளவுதான். எல்லோரும் குங்குமம் இட்டுக்கொண்டு, சோப்பைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார்கள்.

“அக்கா, சோப்புக்குக் காசுங்க...”

வாசலில் நின்றாள் கலைமணி. “கேட்டீங்களா இந்தக் கூத்த? வெத்தல பாக்கோட வெச்சுக் குடுத்துட்டு எந்த ஊட்டுலயாச்சும் காசு கேப்பாங்களா?”

“வளத்த லச்சணம்,” என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள் இன்னொருத்தி. சோப்பை மட்டும் யாரும் திருப்பித் தரவில்லை.

உள்ளே இருந்து வந்தான் தனசேகர்.

“அவங்க சொல்றதுல என்ன தப்பு? நாளைக்கு அந்த அச்செல்லாம் எடைக்குப் போட்டுரு,” என்று மிச்சமிருந்த பஜ்ஜியை எடுத்துக் கடித்தான்.