குளத்தங்கரைக் கம்பி

வள்ளியூருக்கு மேற்கே செங்கொளத்துப்பட்டியில் மே தினக் கிராமசபைக் கூட்டம். அங்கே போக பிரேமலதாவுக்கு மனமே இல்லை. மின் ஆய்வுத் துறையில் அவள் உதவி ஆய்வாளர். ஊருக்கு வெளியே ஒரு தனியார் நிறுவனம் பெரிய சூரியமின் நிலையம் கட்டி முடித்திருந்தது. அங்கிருந்து போகும் உயரழுத்தக் கம்பிகளைச் சோதித்து அவள் பாதுகாப்புச் சான்று கொடுத்தால்தான் மின்சாரத்தை ஏற்றலாம்.

அவள் சோதித்துவிட்டாள். குளத்தங்கரை வண்டிப்பாதைக்கு மேலே மட்டும் கம்பி தாழ்ந்து தொங்கியது. விதிப்படி இருக்க வேண்டிய உயரம் இல்லை. மின்சாரமும் ஓடத் தொடங்கினால் கோடைச் சூட்டில் இன்னும் தொய்யும். மேலதிகாரியிடம் சொன்னாள். அவர் கெட்ட மனிதர் இல்லை. ஆனால் திறப்பு விழாவுக்கு நாள் குறித்தாயிற்று. மேலிடத்திலிருந்து அவரை நெருக்கிக்கொண்டிருந்தார்கள்.

"ஒரே ஒரு எடந்தானம்மா. விழா முடியட்டும், பொறவு தூக்கிக் கட்டிருவாங்க. சான்றக் குடுத்துரு."

அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. முடியாது என்று சொல்லவும் தைரியம் வரவில்லை, கையெழுத்துப் போடவும் கை வரவில்லை. இந்த நேரம் பார்த்து, சோதித்த அதிகாரியே நேரில் வந்து கம்பிகளைப் பற்றிப் பதில் சொல்ல வேண்டும் என்று ஊரார் ஆட்சியரிடம் கேட்டு அவளை வரவழைத்துவிட்டார்கள்.

சமுதாயக்கூடத்தில் உட்கார இடமில்லை. மின்விசிறிகள் வெக்கையைத்தான் கலக்கிக்கொண்டிருந்தன. நிறுவனத்தின் பொறியாளர் செந்தில்முருகன் எழுந்து, எல்லாமே முறைப்படி நடந்திருப்பதாகச் சொன்னான்.

முன்வரிசையில் இருந்த கருத்தையா என்ற விவசாயி துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். "தம்பி, வெயிலு எங்க ஊரு வெயிலு. கரண்டு எங்கன போவுது?"

செந்தில்முருகன் கையிலிருந்த கோப்பைப் புரட்டத் தொடங்கினான். பிரேமலதாவே பதில் சொன்னாள். "எல்லாக் கரண்டும் மாநிலம் முழுக்கப் போற பொதுக் கம்பியிலதான் போய்ச் சேரும், ஐயா. உங்க ஊருக்குன்னு தனியா வராது. அது உண்மை."

கூட்டம் சிரித்தது. "உள்ளதச் சொல்லுதாங்களே!" என்றது ஒரு குரல். கருத்தையா தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

அப்போதுதான் பெண்கள் பக்கத்திலிருந்து முத்துராணி எழுந்தாள். அவள் புருஷன் இசக்கிராஜா டிராக்டரில் வைக்கோல் பாரம் ஏற்றிப் பிழைக்கிறவன். போன வருஷம் பக்கத்து ஊரில் இதுபோல் ஒரு கம்பியில் பாரம் உரசி, வண்டியோட்டி அந்த இடத்திலேயே கருகிப்போயிருந்தான்.

"மேடம், நாங்க சூரியக் கரண்டு வேண்டாம்னு சொல்லல. பொகை இல்ல, கரி இல்ல, நல்லதுதான். நான் ஒண்ணே ஒண்ணு கேக்குதேன். குளத்தங்கரைக் கம்பிக்குக் கீழ எங்க வீட்டுக்காரரு வைக்கோல் ஏத்திட்டுப் போவலாமா, கூடாதா?"

செந்தில்முருகன் அவளையே பார்த்தான். 'பார்த்துச் சொல்கிறோம்' என்று ஒரு வார்த்தை சொன்னால் தப்பித்துவிடலாம். ஆனால் முத்துராணி உட்காரவில்லை. அவளுக்குப் பின்னால் ஒவ்வொருத்தியாகப் பெண்கள் எழுந்து நின்றார்கள்.

"கூடாது," என்றாள் பிரேமலதா. "கம்பி தாழ்வா இருக்கு. நானே அளந்தேன்."

கூடம் கொந்தளித்தது. முத்துராணி கையைக் காட்டி அமர்த்தினாள். "அப்பம் கையெழுத்துப் போடுவீங்களா?"

"தூக்கிக் கட்டுற வரைக்கும் போட மாட்டேன்."

சொன்னதும், இத்தனை நாளாக நெஞ்சில் கிடந்த பாறாங்கல் உருண்டு போனதுபோல் இருந்தது அவளுக்கு. ஊராட்சித் தலைவர் சொரிமுத்து அதை அப்படியே தீர்மானமாக்கினார். கூடமே கை தூக்கியது.

வெளியே வந்ததும் மேலதிகாரியைக் கூப்பிட்டாள். "சார், ஊர்க் கூட்டத்துல எல்லாத்தையும் சொல்லிட்டேன். தீர்மானமும் போட்டாச்சு. இனி எப்படி சார் கையெழுத்துப் போட?"

வசவு வரும் என்று காதைப் பொத்தாத குறையாக நின்றாள். அந்தப் பக்கம் பெருமூச்சுதான் வந்தது. "நல்லதாப் போச்சு தாயி. தீர்மானத்த அனுப்பு. மேல கேட்டா இதக் காட்டுதேன். எனக்கும் இப்பம்தான் மூச்சு வருது."

திறப்பு விழா தள்ளிப்போனது. நிறுவனத்துக்காரர்கள் முதலில் முறுக்கினார்கள். சான்று இல்லாமல் மின்சாரம் ஏற்ற முடியாது என்றானதும் பைய இறங்கிவந்தார்கள். குளத்தங்கரையில் புது மின்கோபுரம் எழுந்தது. கம்பி உயரப் போனது. மறுசோதனைக்கு பிரேமலதா வந்தபோது பாதி ஊர் கரையில் நின்றது. அவள் அளந்து, உரக்கச் சொல்லி, எல்லார் முன்னாலும் சான்றில் கையெழுத்திட்டாள்.

முத்துராணி ஒரு செம்பில் பதநீர் கொண்டுவந்து நீட்டினாள். வாங்கும்போது பிரேமலதாவுக்குக் கண் கலங்கியது.

"அக்கா, அன்னைக்கு நீங்க கேக்காம விட்டிருந்தா நான் கையெழுத்தப் போட்டுக் குடுத்திருப்பனோ என்னவோ. காலத்துக்கும் தூக்கம் வந்திருக்காது. நீங்க நல்லா இருக்கணும்."

"கேட்டது நாங்க, சரி. பயப்படாமச் சொன்னது நீங்கல்லா?" என்றாள் முத்துராணி. "எங்க வீட்டுக்காரரு உசுரு உங்க வாய்ல இருந்துச்சு மேடம். சாமியக் கும்பிடும்போது உங்க பேரையும் சேத்துத்தான் சொல்லுதேன்."

பிரேமலதா பதநீரைக் குடித்துவிட்டுச் செம்பைத் திருப்பிக் கொடுத்தாள். முத்துராணி விடவில்லை.

"கையோட இன்னொண்ணும் கேட்டுருதேன். பள்ளிக்கூடத்துப் பக்கம் டிரான்ஸ்பார்மரு வேலி இல்லாமக் கெடக்கு. அதுக்கும் நீங்கதான பொறுப்பு?"

"அதுக்கு மின்வாரியத்துலதான் பதில் சொல்லணும். ஆனா சொல்ல வைக்க வேண்டியது நான்தான். வாங்க, பாத்துருவோம்," என்று சிரித்துக்கொண்டே பிரேமலதா முன்னால் நடந்தாள்.