குளிராத ஆசிட்

கிருமி வளரவில்லை என்றால் சந்தோஷப்பட வேண்டியதுதானே? கடல் தண்ணீரைச் சோதிக்கிற என் மகள் முகம் செத்துப்போய் நின்றாள்.

"அப்பா, கடல்ல கிருமி பெருகணும். பெருகலைன்னா தண்ணியில ஏதோ விஷம் இருக்கு. உங்க சிப்பிக் கயிறு எல்லாத்தையும் எடுத்துடணும்னுதான் நான் ரிப்போர்ட் எழுதணும்."

அந்தக் கயிற்றில் தொங்கி வளரும் சிப்பிதான் எங்கள் வீட்டுச் சோறு. பெற்ற மகளே அதில் மண்ணைப் போடுகிறாள்.

"உன் மெஷினை நான் நம்பல."

"நீங்க யாரை நம்பினீங்க? அம்மா போடுற டீயையே மோந்து பார்த்துட்டுத்தானே குடிப்பீங்க."

அவள் செய்வது இதுதான். கிருமி ஒன்று இரண்டாக வேண்டுமானால் உள்ளே புதிதாக டி.என்.ஏ. உண்டாக்க வேண்டும். அதற்கான சரக்கில் மெஷினுக்குத் தெரிகிற அடையாளம் வைத்துத் தண்ணீரில் கலப்பாள்; பெருகும் கிருமி அதை எடுத்து டி.என்.ஏ.வில் சேர்த்துக்கொள்ளும். பிறகு ஜில்லென்ற ஆசிட் ஊற்றி வடிகட்டுவாள். டி.என்.ஏ. வடிதாளில் தங்கும், மிச்சச் சரக்கு ஓடிவிடும். தாளில் எவ்வளவு அடையாளம் என்று மெஷின் எண்ணிச் சொல்லும். எங்கள் தண்ணீருக்கு அது சொன்னது, ஏறக்குறைய ஒன்றுமில்லை.

ஒப்பிட்டுப் பார்க்க நடுக்கடல் தண்ணீர் கேட்டாள். படகில் போய் எடுத்து, யார் கையிலும் கொடுக்காமல் நானே ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோனேன். முடிவு வரும்வரை நகரவில்லை. மெஷின் அதற்கும் அதையேதான் சொன்னது.

"அப்போ கடலே செத்துப்போச்சா?" என்றேன்.

அவள் மேசையிலிருந்த புட்டிகளை ஒவ்வொன்றாகத் தொட்டாள். ஆசிட் புட்டியில் கை நின்றது.

"அண்ணே! இது ஏன் ஐஸ்ல இல்ல?"

கூட வேலை பார்க்கும் சொட்டைத் தலையர் எட்டிப் பார்த்தார். "ஏசியில விரல் விறைக்குதும்மா. அதான் வெந்நீர்த் தொட்டி ஓரமா வச்சிருந்தேன்."

"விரலுக்கு ஒத்தடமா கொடுத்தீங்க? சூடான ஆசிட்ல டி.என்.ஏ. கரைஞ்சு ஓடிடும்ணே! தாள்ல என்ன மிஞ்சும்?"

சொட்டையர் தலையைத் தடவினார். அங்கே பிய்த்துக்கொள்ளவும் ஒன்றுமில்லை.

மறுநாள் இரண்டு தண்ணீரையும் புதிதாக எடுத்தோம். ஆசிட் புட்டி ஐஸில் கழுத்துவரை புதைந்திருந்தது. நானும் ஒரு விரல் வைத்துப் பார்த்தேன். சுருக்கென்றது. மெஷின் எண்ணி முடிக்கும்வரை அதன் பக்கத்திலேயே நின்றேன்.

மகள் சிரித்தாள். "பெருகிக் கிடக்குப்பா! நடுக்கடலைவிட உங்க கயித்துப் பக்கம்தான் அதிகம். எதையும் எடுக்க வேண்டாம்."

முக்காலியில் உட்கார்ந்து மெஷினைக் கையெடுத்துக் கும்பிட்டேன். கிருமி பெருகியதற்குக் கும்பிடு போட்ட ஆள் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

சொட்டையர் டீ கொண்டுவந்து நீட்டினார். மோந்து பார்த்துவிட்டுத்தான் குடித்தேன். ஆசிட்டோடு புழங்குகிற கை.